கமராவின் விலையை யார் கொடுப்பது?

பத்திரிகையில் வெளியாகும் ஒரு புகைப்படத்தைப் பார்க்கும் வாசகர், அதனைப் பிடித்த கமராவின் விலையைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆனால், அந்தக் கமராவை வாங்கியவர் யார் என்ற கேள்விக்குள் கடந்த 30 ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி அடங்கியிருக்கிறது.

உயர்தரமான கமராக்கள் எக்காலத்திலும் மலிவாக இருந்ததில்லை. ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஒஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைக்கா, 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகமானபோதே வசதி படைத்தவர்களின் பொருளாகத்தான் இருந்தது. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கமராவும் அவ்வாறானதே. ஆயினும், அந்த விலையில் ஒரு நியாயம் இருந்தது. ஒருமுறை வாங்கிய கமரா 20, 30 ஆண்டுகள் உழைத்தது. அதே 1954இல் கொடாக் நிறுவனம் வேகம் கூடிய ட்ரை-எக்ஸ் படச்சுருளை 35 மில்லிமீற்றர் அளவில் வெளியிட்டபோது, பழைய கமரா வைத்திருந்தவர்களும் அதன் பயனை உடனே பெற்றனர். படச்சுருள் முன்னேறும்போது கமராவும் தானாகவே முன்னேறியது.

டிஜிட்டல் தொழில்நுட்பம் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றியது. கொடாக்கின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய முதலாவது டிஜிட்டல் கமரா, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு 23 செக்கன்களை எடுத்துக்கொண்டது. நிக்கொன் எப்3 கமராவைக் கொண்டு கொடாக் 1991இல் விற்பனைக்கு விட்ட டிசிஎஸ், 13 இலட்சம் புள்ளிகளையே பதிந்தது. அதன் விலையோ 20,000 அமெரிக்க டொலருக்குக் குறையாதது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகத் தொங்கவிட வேண்டியிருந்தது. இத்தகைய கமராவைத் தனிமனிதர் எவரும் வாங்கப்போவதில்லை. செய்தி நிறுவனங்களே வாங்கின.

1999இல் நிக்கொன் டி1 வெளிவந்தபோது விலை 6,000 டொலருக்குள் இறங்கியது. பத்திரிகை நிறுவனங்கள் கணக்குப் பார்த்தன. படச்சுருள் செலவில்லை, இரசாயனக் கரைசல் இல்லை, கடதாசி இல்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் இருட்டறையில் காத்திருக்கவும் தேவையில்லை. சில ஆண்டுகளுக்குள் இருட்டறைகள் மூடப்பட்டன. இந்தச் சேமிப்பு முழுவதும் நிறுவனத்துக்கே சேர்ந்தது.

ஆனால், டிஜிட்டல் கமராவில் படச்சுருளின் வேலையைச் செய்யும் உணரி உள்ளேயே பொருத்தப்பட்டது. அதனை மாற்ற முடியாது. விலையில் பெரும்பங்கும் அதற்குரியதாகவே இருந்தது. 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள உணரியைத் தயாரிக்கும்போது ஒரு சிலிக்கன் தகட்டிலிருந்து சிலவற்றையே பெறமுடியும். பரப்பு கூடக் கூடப் பழுதாகும் சாத்தியமும் கூடும். 2002இல் 11 மெகாபிக்சல் கொண்ட கனொன் 1டிஎஸ் 7,999 டொலர்கள். 2008இல் 21 மெகாபிக்சல் கொண்ட கனொன் 5டி மார்க் 2 வெறும் 2,699 டொலர்கள். முன்னதை வாங்கியவரின் முதலீடு ஆறே ஆண்டுகளில் என்னவாயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை. 1954ஆம் ஆண்டின் லைக்கா வில்லையை இன்றைய லைக்காவிலும் பொருத்தலாம். 2006இல் வந்த லைக்கா எம்8 கமராவோ, 2009இல் எம்9 வந்ததுடன் பழையதாகிவிட்டது.

நிறுவனம் வாங்கிக் கொடுக்கும் வரையில் இந்தத் தேய்மானம் நிறுவனத்தின் சுமையாக இருந்தது. பின்னர் அதுவும் மாறியது. 2013 மே மாதத்தில் சிக்காகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தனது புகைப்படப் பிரிவின் 28 பேரையும் ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது. 1982இல் புலிட்சர் பரிசு பெற்ற ஜோன் வைற்றும் அவர்களில் ஒருவர். சுயாதீனப் படப்பிடிப்பாளர்களைக் கொண்டு வேலையை நடத்தப்போவதாக நிர்வாகம் கூறியது. சுயாதீனம் என்பது கேட்பதற்கு இனிய சொல். கமராவை நீயே வாங்கிக்கொள் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

2021இல் நிக்கொன் இசட்9 சுமார் 5,500 டொலர்களுக்கும் சோனி ஆல்பா 1 சுமார் 6,500 டொலர்களுக்கும் அறிமுகமாகின. விளையாட்டுப் படங்களுக்கான 400 மில்லிமீற்றர் வில்லை ஒன்றுக்கு மட்டும் 12,000 டொலர் அளவில் தேவைப்பட்டது.

இலங்கையில் இதன் பொருள் என்ன? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 11 இலட்சம் ரூபாவாக இருந்த 5,500 டொலர் கமரா, வரிகளைச் சேர்க்காமலே ஏறத்தாழ 20 இலட்சமாகியது. காலிமுகத்திடல் போராட்டத்தை உலகம் புகைப்படங்களின் வாயிலாகப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான். கண்ணீர்ப்புகைக்கும் மழைக்கும் நடுவே ஒரு கமரா உடைந்துபோனால், அதனை ஈடுசெய்ய ஒருவர் எத்தனை படங்களை விற்கவேண்டும்?

நல்ல படத்தை எடுப்பது கண்ணே தவிரக் கமரா அல்ல என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். மலிவான கமராக்களும் இன்று நன்றாகவே வேலைசெய்கின்றன. ஆனால், இரவு வெளிச்சத்திலும், கொட்டும் மழையிலும், பொலிஸ் தடுப்புக்கு அப்பால் தொலைவில் நின்றும் எடுக்கவேண்டிய படத்துக்குக் கண் மட்டும் போதாது. அந்த வசதி கையில் உள்ளவரே அங்கு செல்வார் என்றால், எந்த நிகழ்வு வரலாற்றில் பதிவாகும் என்பதையும் பணமே தீர்மானிக்கும்.

எனவே, ஒரு படத்துக்கான கொடுப்பனவை நிர்ணயிக்கும்போது கமராவின் தேய்மானத்தையும் பழுதையும் காப்புறுதியையும் அதில் சேர்த்துக் கணக்கிடுவதே நீதி. படச்சுருளை ஒழித்துப் பணத்தை மிச்சப்படுத்திய நிறுவனங்களுக்கு இது பெரிய செலவாக இருக்கமுடியாது.