தட்டப்பாறைச் சோதனையும் தப்பி வந்த காய்ச்சலும்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியின் வேகத்திலேயே எந்திரம் ஓட்டலாம் என்று கணக்கிட்டு, ஆர்வி சகோதரர்கள் 1880களில் அங்கே நூற்பாலை நிறுவினார்கள். பக்கத்திலிருந்த விக்கிரமசிங்கபுரம் ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கும் ஊரானது. தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டது. 1902-03இல் அந்தத் தண்டவாளம் அம்பாசமுத்திரத்தைத் தொட்டுச் செங்கோட்டைக்கு நீண்டது. மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன தொலைவு சில மணி நேரமாயிற்று. பஞ்சும் நூலும் ஆளும் ஏறிய அதே பாதையில் நோயும் ஏறியது. தாமிரபரணிக் கரையின் கொள்ளைநோய் வரலாற்றைப் பிழைப்பு தேடிப் போனவர்களின் பயண வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது.

ரயிலுக்கு முன்பும் இந்தப் பள்ளத்தாக்கு கொள்ளைநோய் கண்டதுதான். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் காய்ச்சல் ஒன்று சூறையாடியது. காரணம் அறியக் கும்பினி அரசு அமைத்த மருத்துவக் குழுவில் ஒயிட்லா ஐன்ஸ்லி இருந்தார். குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. அது ஊரோடு இருந்தவர்களைக் கொன்ற காய்ச்சல்.

வழியில் விழுந்து சாவது வேறு கதை. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கூலிகள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். நல்ல தண்ணீரும் நிழலும் அரிதான அந்தப் பாதையில் வாந்திபேதி கண்டவர் சில மணி நேரத்தில் செத்துப் போனார். கூட வந்தவர்களுக்கு நின்று புதைக்கவும் நேரமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாதை மூடப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் கூலிகளை நிறுத்திச் சோதிக்கும் முகாம் நடந்தது. 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கிய பின் அந்த வேலை மண்டபத்துக்கு மாறியது. சில நாள் தங்கவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள்.

முகாம் யாருக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். அது தோட்டங்களைக் காக்க இலங்கை அரசு வைத்த வேலி. அங்கிருந்து திரும்பி வருகிறவர்களிடமிருந்து திருநெல்வேலியைக் காப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. கெடுபிடியும் கூலிகள் மேல்தான் விழுந்தது.

இந்த நிலையில் 1918 வந்தது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகக் காவலில் இருந்த போலீஸ்காரர்கள் ஃப்ளூ காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதல் அலை லேசாகக் கடந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான் எமனாக வந்தது. இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் 1919இல் எழுதிய அறிக்கை, நோயை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் ரயிலின் பங்கைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை இருக்கலாம் என்று பிற்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 25.1 கோடியாகக் குறைந்தது. வேறெந்தக் கணக்கெடுப்பிலும் இப்படி நேர்ந்ததில்லை. பம்பாயையும் மத்திய மாகாணத்தையும் பார்க்கச் சென்னை மாகாணத்தில் சாவு குறைவு. இங்கே அதை ஆறுதலாகச் சொல்வதற்கில்லை, அங்கே அடி அவ்வளவு பெரிது.

நோயின் கொடுமை அது தேர்ந்தெடுத்த வயதில் இருந்தது. வழக்கமான சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும் வீழ்த்தும். 1918இன் காய்ச்சல் 20 முதல் 40 வயதுக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஆலைக்கும் தோட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் புறப்படுகிற வயது அதுதான். நுரையீரலில் நீர் கட்டி, உதடு நீலம் பாரித்து, சிலர் ஓரிரு நாளில் இறந்தார்கள். பலரைக் கொன்றது வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பிறகு புகுந்த பாக்டீரியா. அப்போது பென்சிலினும் இல்லை, நோய்க்குக் காரணம் வைரஸ் என்ற அறிவும் இல்லை. 1892இல் ஃபைஃபர் என்ற ஆய்வாளர் கண்ட பாக்டீரியாவே காரணம் என்று நம்பினார்கள். மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை லண்டன் ஆய்வாளர்கள் 1933இல்தான் பிரித்தெடுத்தார்கள்.

மண்டபம் முகாம் இந்த நோயை நிறுத்தியதா? இலங்கையின் மாவட்ட வாரியான இறப்புக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்த சித்தார்த் சந்திராவும் உடன் ஆய்வாளரும் தரும் விடை வேறு. நோய் கொழும்புத் துறைமுகம், தலைமன்னார் என இரண்டு வாசல்களில் தீவுக்குள் நுழைந்திருக்கிறது. மக்கள்தொகை இழப்பு ஏறத்தாழ 3 லட்சம். வாந்திபேதிக்குப் போட்ட வேலியில் ஃப்ளூ சிக்கவில்லை. தொற்றியவருக்கு ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் தெரியும். அதற்கு ஒரு நாள் முன்பே அவர் மூச்சிலிருந்து மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். திடகாத்திரமாகத் தெரிகிற ஆளை எந்தச் சோதனையில் நிறுத்துவது? ஒருவருக்கு இருந்தால் நெருக்கமான கொட்டகையில் பத்துப் பேருக்கு ஒட்டும்.

முழுதாகக் கதவடைத்தால் தடுக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. 1918 நவம்பர் 7ஆம் தேதி தலூன் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து மேற்குச் சமோவாவுக்கு வந்தது. நோயாளிகளை இறங்கவிட்டார்கள், அங்கிருந்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவா கப்பல்களைக் கண்டிப்பாகத் தடுத்தது. அங்கே இந்த நோயால் சாவே இல்லை. தீவுக்கு அது முடிந்தது. நாள்தோறும் ரயில் வந்து நிற்கிற அம்பாசமுத்திரத்துக்கு முடியுமா?

1957இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் சென்னைத் துறைமுகம். மே மாதம் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். மலேயாவில் பிழைத்த தமிழர்கள் ஊருக்கு வந்து போக ராஜூலா முதலிய கப்பல்கள் ஓடிய கடல்வழி அது. நோயைப் பின்தொடர்ந்து பதிவு செய்தது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஃப்ளூ ஆய்வு மையம். நாடெங்கும் சுமார் 44 லட்சம் பேர் படுத்தார்கள். பதிவான சாவு ஏறத்தாழ 1,100. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கிடைத்த காலம் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

2009இல் கப்பலின் இடத்தை விமானம் பிடித்தது. மே மாதம் ஐதராபாத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பயணியிடம் எச்1என்1 வகை ஃப்ளூ உறுதியானது. விமான நிலையங்களில் காய்ச்சல் சோதனை நடந்துகொண்டிருக்க, ஆகஸ்ட் 3ஆம் தேதி புணேயில் 14 வயது மாணவி இறந்தார். நாட்டின் முதல் எச்1என்1 சாவு அது. மண்டபத்தில் நடந்ததே வெப்பமானிக் கருவிகளோடு மறுபடி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2015இல் நாடு முழுதும் 42,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் கண்டது. 2,990 பேர் இறந்தார்கள்.

ஆலையைத் தாண்டியும் விக்கிரமசிங்கபுரத்தின் வழியே கூட்டம் போகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வேன்களில் நெருக்கி அமர்ந்து பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் ஃப்ளூ மழைக்காலத்தை ஒட்டி எழுவதும் உண்டு. இவர்களை வாசலில் நிறுத்தி வடிகட்ட முடியாது. வடிகட்டிப் பயனில்லை என்பதை நூறாண்டு அனுபவம் காட்டிவிட்டது.

மாறியிருப்பது சிகிச்சை. ஓசெல்டாமிவிர் மாத்திரை காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் உள்ளே போனால் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பயணம் முடிந்து வந்தவருக்குக் காய்ச்சலோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டால், கஷாயம் வைத்துக் கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கோ அன்றைக்கே கூட்டிப்போங்கள்; எங்கே போய் வந்தார், காய்ச்சல் எப்போது தொடங்கியது என்ற இரண்டையும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.