பொது வானொலி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

விளம்பர வருமானத்தை ஆதாரமாகக் கொள்ளாமல், நேயர்களின் நன்கொடை, பல்கலைக்கழகங்களின் ஆதரவு, அரசாங்க மானியம் முதலியவற்றைக் கொண்டு நடைபெற்றுவரும் ஒலிபரப்பு முறை. யுத்த எதிர்ப்பாளரான லூயிஸ் ஹில் முதலியோர் 1946-இல் நிறுவிய பசிபிகா ஸ்தாபனம், 1949-இல் பெர்க்லி நகரில் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையத்தின் வாயிலாக, நேயர் சந்தாவினாலேயே ஒரு வானொலி ஜீவித்தல் சாத்தியமென்று நிரூபித்தது. 1967-ஆம் ஆண்டுப் பொது ஒலிபரப்புச் சட்டத்தின் பயனாக 1970-இல் நேஷனல் பப்ளிக் ரேடியோ (என்.பி.ஆர்.) தோன்றிற்று; அதன் மாலைச் செய்தி நிகழ்ச்சியாகிய ‘ஆல் திங்ஸ் கன்சிடர்டு’ 1971 மே 3 அன்று ஆரம்பமாயிற்று.

மாற்று என்னும் தகுதி: வர்த்தக வானொலி சில வாக்கியங்களில் முடித்துவிடும் விஷயத்தைப் பல நிமிஷங்கள் நிதானமாக விவரிப்பதும், அயல்நாட்டுச் செய்திக்கு இடமளிப்பதும் என்.பி.ஆரின் சிறப்புகளாம். ஆயினும், அதிகாரிகளையும் நிபுணர்களையுமே அது பெரிதும் சார்ந்துள்ளதென்றும், ‘ஆதரவாளர் அறிவிப்பு’ என்ற பெயரில் கம்பெனிகளின் செல்வாக்கு நுழைகிறதென்றும் இடதுசாரி விமர்சகர்களும், தாராளவாதப் பட்சபாதம் உடையதென்று வலதுசாரிகளும் ஆட்சேபித்துவந்துள்ளனர். மாறுபட்ட அபிப்பிராயங்களுக்குப் பசிபிகா அதிக இடமளித்தபோதிலும், அதன் நேயர் வட்டம் சிறிது.

2025 ஜூலையில் காங்கிரஸ், பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரை ரத்துச் செய்தமையால், மானியத்தை அதிகம் நம்பியிருந்த கிராமப்புற நிலையங்களே பெரும் நெருக்கடிக்குள்ளாயின.