கொடிக்காடு (வில்லியனூர், பாகூர் வட்டாரம்)

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வளரும் குட்டையான, அடர்ந்த காட்டு வகை. இலை உதிர்க்காத மரங்களும் அவற்றைப் பின்னிக் கிடக்கும் கொடிகளும் சேர்ந்தது. தாவரவியலார் இதை வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது 7-ஆம் வகை. புதுச்சேரியைச் சுற்றி இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோயில் காடுகள்தாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் பெயர்பெற்றது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், உந்தாரா என்னும் இடத்தில், எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குகைகள் இடிந்த பள்ளங்களில் இதைப் போன்ற கொடிப்புதர்கள் உண்டு. அங்கே பாறை ஈரத்தைக் காத்து, காட்டுத்தீயையும் தடுக்கிறது. புதுச்சேரிப் பக்கம் அப்படிக் காக்கும் எரிமலைப் பாறை இல்லை. வில்லியனூருக்கு வடக்கே எழும் செம்மண் மேடு கடலூர் மணற்கல்லால் ஆனது. சங்கராபரணிக் கரையில் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடப்பதும் இதே பாறை அடுக்கில்தான். தெற்கே பாகூர் வண்டல் பூமி. ஏரி நீர் பாய்ந்து நெல் விளையும் அந்த மண்ணில் காட்டுக்கான இடம் எப்போதோ வயலாகிவிட்டது.

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தை தொடங்கி மாதக்கணக்கில் வறட்சி. இவ்வளவு நீண்ட வறட்சியில் இலையை உதிர்ப்பதுதான் மரங்களின் வழக்கம். காயா, வீரை, இரும்பிலி, உலக்கைப்பாலை ஆகியவை அப்படிச் செய்வதில்லை. தடித்த, பளபளப்பான இலைகளால் நீரிழப்பைக் குறைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கின்றன.

கொடிகளே இக்காட்டின் தனித்தன்மை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் ந. பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் 1990-கள் முதல் இக்கடற்கரைக் காடுகளில் மரங்களோடு கொடிகளையும் தனித்தனியே எண்ணிப் பதிவு செய்தனர். ஏறுவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. சீந்திலும் சிறுகுறிஞ்சானும் சுற்றிக்கொண்டு ஏறும். பிரண்டைக்குப் பற்றுக்கம்பி. மோதிரக்கண்ணி வளைந்த கொக்கியால் தொற்றும். ஆதண்டையும் மிளகரணையும் முள்ளை ஊன்றி மேலே போகும். ஓடைக்கொடியின் காய்க்குச் சிறகு உண்டு, காற்று கொண்டுபோகும். சதைக்கனிகளைச் சின்னான் குருவியும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் பரப்புகின்றன.

காட்டின் ஓரத்தில் கொடிகள் தரைவரை இறங்கி ஒரு திரையாகிவிடும். வெயிலும் வறண்ட காற்றும் உள்ளே புகாமல் தடுப்பது அந்தத் திரைதான். அதன் மறைவில்தான் நிழல் விரும்பும் மரக்கன்றுகள் பிழைக்கின்றன. கோயில் திருப்பணியின்போது முதலில் வெட்டப்படுவதும் இந்த ஓரம்தான். புதர், பாம்பு அடையும் இடம் என்று சொல்லி அதை அகற்றிவிட்டு, பெரிய மரங்களை மட்டும் விட்டு, அடியில் சிமெண்டுத் தளம் போடுகிறார்கள். மரம் நிற்பதால் காடு இருப்பதாகத் தோன்றும். ஆனால் முதிர்ந்த மரங்கள் விழுந்த பின் அந்த இடத்துக்கு வரக் கன்று ஒன்றும் இராது. கோடரியைவிட இந்தச் சுத்தம் செய்யும் வழக்கமே இன்று கோயில் காடுகளுக்குப் பெரிய ஆபத்து என்று சொல்லத் தோன்றுகிறது.

கொடிகள் மிகுந்தாலும் கேடுண்டு. புயலுக்குப் பின் கவிகை திறந்த இடங்களில் அவை இளமரங்களை மூடி அமுக்கிவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது இவ்வட்டாரத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய இடங்களில் மரத்தை நெரிக்கும் கொடியை மட்டும் பார்த்து அறுப்பது போதும், ஓரத்தைத் தொடக் கூடாது. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் முளைத்தால் அவற்றை வேரோடு எடுக்க வேண்டும். செம்மண் அள்ளுதல், ஆடு மேய்ச்சல், விறகு, முந்திரி, சவுக்குத் தோப்புகள் என்று காடு அழிய மற்ற காரணங்களும் உண்டு.

இழந்த காட்டை மீட்க முடியும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1968-இல் செம்மண் மேட்டில் ஆரோவில் குடியிருப்பு தொடங்கியபோது அந்த இடம் மழைநீர் அரித்த பொட்டல். முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள், விரைவில் வளரும் மரங்களால் நிழல் உண்டாக்கினார்கள், பிறகு உள்ளூர்க் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். பிச்சாண்டிக்குளம் காடு அப்படி உருவானது. ஊசுட்டேரிக்கு அருகே பூத்துறையின் செம்மண் ஓடைகளிலும் ஆரண்யா என்ற காடு வளர்க்கப்பட்டிருக்கிறது. இப்பணிக்கு விதை, மிஞ்சியிருக்கும் பழைய காடுகளிலிருந்துதான் வரவேண்டும். பல மரங்களின் விதை உலர்ந்தால் முளைக்காது என்பதால் பழம் உதிர்ந்த கையோடு நாற்றங்காலில் இட வேண்டும். எனவே ஓர் அய்யனார் தோப்பு அழிந்தால் சுற்றுவட்டாரத்தின் விதைக் களஞ்சியமும் போய்விடும்.

நிர்வாகச் சிக்கல் வேறு. புதுச்சேரியின் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பகுதிகள் தமிழ்நாட்டு ஊர்களோடு கோத்துக் கிடப்பவை. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பே இரு அரசுகளுக்கும் பிரிந்திருக்கிறது. புதுச்சேரி தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் கொம்யூன் பஞ்சாயத்து அளவில் மேலாண்மைக் குழு அமைக்கவும், சிறப்புடைய இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவும் வழிசெய்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாப்பட்டியை 2022-இல் தமிழ்நாடு அவ்வாறு அறிவித்தது. ஒரு கோயில் காட்டுக்கு அந்தத் தகுதியைக் கேட்க, கோயில் நிர்வாகமும் ஊராரும் கொம்யூன் பஞ்சாயத்தும் சேர்ந்து தொடங்கலாம்.