கழிவே அரக்கனாகும்போது: ‘காட்ஜில்லா எதிர் ஹெடோரா’ (1971)

தொழிற்கழிவையே அரக்கனாக்கிய ஜப்பானியப் படம் ‘காட்ஜில்லா எதிர் ஹெடோரா’. யோஷிமிட்சு பன்னோ இயக்கத்தில் டோஹோ நிறுவனம் இதை 1971 ஜூலையில் வெளியிட்டது. இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் காட்ஜில்லா படத்தில் (1954) அழிவின் மூலம் ஹைட்ரஜன் குண்டுச் சோதனை. ஹெடோராவுக்கு அப்படி ஒற்றை மூலம் இல்லை. அது சிறுகச் சிறுகச் சேர்ந்த கேடு. மாசின் இந்த இயல்பைக் காட்சியாக்கியது படத்தின் சாதனை. அதற்குப் பொறுப்பானவர்களைக் காட்டாமல் விட்டது அதன் குறை.

படத்தின் களம் கற்பனையன்று. காகித ஆலைகள் நிறைந்த ஃபூஜி நகரின் தகோனோஉரா துறைமுகத்தில் கழிவுச் சேறு தேங்கியது 1970இல் நாடறிந்த பிரச்சினையாக இருந்தது. மினமாட்டாவில் பாதரச நஞ்சும், யொக்கைச்சியில் கந்தகப் புகையால் வந்த ஆஸ்துமாவும் அதற்கு முன்பே மக்களை வாட்டின. 1970 ஜூலையில் டோக்கியோவின் சுகினாமி பகுதியில், வெளியே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பள்ளி மாணவியர் ஒளிவேதிப் புகைமூட்டத்தால் மயங்கி விழுந்தனர். படத்திலும் ஹெடோரா பறந்து செல்லும்போது மைதானத்தில் மாணவியர் மூச்சுத் திணறிச் சாய்கின்றனர்.

அரக்கனின் வளர்ச்சியிலும் இதே கவனம் தெரிகிறது. கடலில் தலைப்பிரட்டை போல் தோன்றும் ஹெடோரா, கரையேறி ஆலைப் புகைபோக்கியின் மேல் அமர்ந்து புகையை உறிஞ்சிப் பருக்கிறது; பிறகு கந்தக அமில மூடுபனியைக் கக்கியபடி பறக்கிறது. நீர் மாசும் காற்று மாசும் இங்கே ஒரே உடலின் அடுத்தடுத்த பருவங்கள். ஹெடோராவின் வித்து விண்ணிலிருந்து வந்ததாகப் படம் சொல்வது மனிதப் பொறுப்பை மழுப்புகிறது என்று வாதிடலாம். ஆனால் வித்து எங்கிருந்து வந்தாலும் அதற்கு இரை போடுபவர் மனிதரே. ஆலைகள் நின்றால் அரக்கன் பட்டினி கிடக்கும்.

எனினும், புகைபோக்கிகள் தெரியும் அளவுக்கு அவற்றின் உரிமையாளர்கள் தெரிவதில்லை. கையாலாகாத ராணுவத்தைக் கேலி செய்யும் படம், ஆலை நிர்வாகத்தை விசாரணைக்கு இழுப்பதில்லை. ராட்சத மின்முனைகளால் ஹெடோராவை உலர்த்தும் முயற்சியும் காட்ஜில்லாவின் துணையால்தான் நிறைவேறுகிறது.

நிஜத்தில் தீர்வு வேறு வழியில் வந்தது. 1970 இறுதியில் நாடாளுமன்றம் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. பொருளாதார வளர்ச்சியோடு இசைந்தே மாசுக் கட்டுப்பாடு அமைய வேண்டும் என்ற பழைய விதியும் நீக்கப்பட்டது. படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1971 ஜூன் இறுதியில், காட்மிய நஞ்சால் வந்த ‘இத்தாய்-இத்தாய்’ நோய் வழக்கில் தொயாமா நீதிமன்றம் மிட்சுய் சுரங்க நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கியது. ஜூலை 1 அன்று சுற்றுச்சூழல் முகமை தொடங்கப்பட்டது. யொக்கைச்சி, மினமாட்டா வழக்குகளிலும் 1972, 1973ஆம் ஆண்டுகளில் நிறுவனங்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

ஆகவே மாசு எவ்வாறு திரள்கிறது என்பதற்கு இப்படம் நல்ல சான்று. அதை யார் தடுத்தனர் என்பதற்கு நீதிமன்றப் பதிவேடுகளையே நாட வேண்டும்.