கறுப்புக் கோலி

ஒரு மரப்பெட்டி. அதன் முன்தட்டில் வெள்ளைக் கோலிகளும் கறுப்புக் கோலிகளும் கலந்து கிடக்கின்றன. பெட்டியின் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. உறுப்பினர் ஒருவர் ஒரு கோலியை உள்ளங்கையில் பொத்தி எடுத்து, துளைக்குள் கையை விட்டுப் போடுகிறார். 'டொக்'கென்று ஒரு சத்தம். என்ன நிறம் என்று அடுத்த நாற்காலிக்காரருக்குக்கூடத் தெரியாது. எல்லோரும் போட்டு முடித்ததும் தலைவர் உள்ளறையைத் திறந்து பார்க்கிறார். வெளியே காத்திருப்பவனின் தலையெழுத்து அங்கே கிடக்கிறது.

ஃப்ரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தின் லாட்ஜுகளில் ஆள் சேர்க்கும் முறை இதுதான். லாட்ஜ் என்றதும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் விடுதியை நினைத்துவிட வேண்டாம். மேசன்கள் தங்கள் கிளைச் சங்கத்தை அப்படித்தான் அழைக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், வட இந்திய மக்கள் அந்தக் கட்டடங்களுக்கு 'ஜாதூகர்', அதாவது மந்திர வீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலேய மேசன் சட்டப்படி மூன்று கறுப்புக் கோலி விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. ஒன்றே போதும் என்று தனக்குத்தானே விதி வகுத்துக்கொள்ளவும் ஒரு லாட்ஜுக்கு உரிமை உண்டு. காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மேசன்கள் கல்கத்தாவுக்கு வந்தது 1730-இல், சென்னைக்கு 1752-இல். மனிதர் அனைவரும் சகோதரர் என்பது அவர்களுடைய கொள்கை. 1770-களில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா நம் திருச்சியில் மேசன் ஆனபோது லண்டன் தலைமை மகிழ்ந்துபோய்ப் பரிசுகள் அனுப்பியது. ஆனால், நவாபின் வாரிசுக்கு அகலத் திறந்த கதவு மற்றவர்களுக்குத் திறக்கவில்லை.

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்று ஒரு பார்சி கனவான் இருந்தார். பின்னாளில் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். 1840-களின் தொடக்கத்தில் ஐரோப்பா போனவரைப் பாரிஸில் ஒரு லாட்ஜ் மேசனாகச் சேர்த்துக்கொண்டது. முறைப்படி அவர் இப்போது உலக மேசன்களுக்கெல்லாம் சகோதரர். ஆனால், ஊர் திரும்பி 'பெர்சவரன்ஸ்' லாட்ஜில் சேர விண்ணப்பித்தபோது வாக்கெடுப்பில் தோற்றார். பாரிஸில் சகோதரராக இருந்தவர் பம்பாயில் மறுபடியும் அந்நியரானார்.

யாரிடம் போய் நியாயம் கேட்பது? போட்ட கைகள் எவை என்றே தெரியாதபோது எதிராளி யார்? வேறு வழி ஒன்றுதான் இருந்தது. மேற்கிந்திய மேசன்களுக்கு ஸ்காட்லாந்து அமைப்பின் சார்பில் தலைவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ், 1843 டிசம்பர் 15 அன்று 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்ற புது லாட்ஜைத் தொடங்கினார். இந்தியரையும் சேர்த்துக்கொள்வதற்காகவே பிறந்த லாட்ஜ் அது. பழைய கதவு திறக்காததால் புது வீடே கட்ட வேண்டியதாயிற்று.

கல்கத்தாக் கதை வேறு மாதிரி. அங்கே தடை பெட்டிக்குள் ஒளிந்திருக்கவில்லை, காகிதத்தில் இருந்தது. மாகாணத் தலைவரின் முன் அனுமதி இல்லாமல் ஆசியர் எவரையும் சேர்க்கக் கூடாது என்று வங்காள மேசன்கள் துணைவிதி வைத்திருந்தார்கள். 1863-இல் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர் விண்ணப்பித்தபோது அந்த விதி குறுக்கே நின்றது. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குகிறவர்கள், சாதி பார்க்கிறவர்கள், அவர்கள் எப்படி மேசன் ஆக முடியும் என்று வெள்ளையர்கள் வாதிட்டார்கள்.

தத் விடவில்லை. லண்டன் தலைமைக்கே முறையிட்டார். எழுதி வைத்த விதி என்பதால் அதை எடுத்துக் காட்டி, இது உங்கள் கொள்கைக்கே முரண் இல்லையா என்று கேட்க முடிந்தது. ஒன்பது ஆண்டுகள் போராடி, 1872-இல் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜுக்குள் நுழைந்தார்.

இரகசிய வாக்கு எளியவனைக் காக்கும் கவசம் என்று படித்திருக்கிறோம். தேர்தலில் அது உண்மை. அங்கே வாக்காளன் எளியவன். லாட்ஜிலோ கோலியைப் பொத்தியிருப்பவன் உள்ளே அமர்ந்திருக்கிறான், எளியவன் வாசலில் நிற்கிறான். பெட்டி ஒன்றுதான்; அது யாரை மறைக்கிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். எழுதிய அநீதியோடு வழக்காடலாம். கோலியோடு வழக்காட முடியாது.

பிரசன்ன குமார் விண்ணப்பம் போட்ட அதே 1863-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. வளர்ந்து இளைஞனான அந்தப் பிள்ளை, 1884 பிப்ரவரி 19 அன்று அதே 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் மேசனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டான். பெயர் நரேந்திரநாத் தத்தா. நமக்கெல்லாம் சுவாமி விவேகானந்தர்.

(தொடரும்)