காலண்டரில் இல்லாத முகம்

காரியாபட்டி டீக்கடை. விடிந்தும் விடியாத நேரம். வெடி ஆபீஸ் வேனுக்காகத் தூக்குவாளியோடு நின்றிருந்தார் ஒரு அக்கா. கடைச் சுவரில் சிவகாசிக் காலண்டர். முருகன் சிரிக்கிறார்.

“நீங்க வேலை பாக்குற மாதிரி ஒரு போட்டோ இருக்காக்கா?” என்று கேட்டேன்.

“உள்ள செல்லே கொண்டுபோகக் கூடாது. போட்டோவுக்கு எங்க போக? ஆதார்ல இருக்கிறதுதான்” என்றார்.

சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, 1923-ல் சிவகாசியில் தொடங்கினார்கள். பின்னால் அச்சகங்கள் பெருகின. கோவில்பட்டி கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்த சாமிகள் இங்கே அச்சாகி, ஊர் ஊராகச் சுவரேறின. தீப்பெட்டி லேபிளில் புலி உண்டு, மயில் உண்டு. உள்ளே இருக்கும் குச்சியைக் கட்டையில் அடுக்கிய விரல் மட்டும் இல்லை!

நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் அந்த விரலுக்கு ஒரே வரிதான்: ‘கூலி’. பத்து வயசு விரலா, ஐம்பது வயசு விரலா என்று பேரேடு சொல்லாது. போட்டோ சொல்லிவிடும்.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் அதைத்தான் செய்தார். 1908 முதல் பஞ்சாலை, சுரங்கம் என்று காமிராவோடு அலைந்தார். பைபிள் விற்பவர் என்றுகூடப் பொய் சொல்லி உள்ளே நுழைவார். தன் கோட்டுப் பொத்தான்களை அளவாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துக்கொள்வார். ‘சின்னப் பிள்ளைகளா, இங்கேயா?’ என்று முதலாளிகள் கைவிரிக்க முடியாமல் போனது. 1938-ல் சட்டம் வந்தது.

நம் பக்கம் 1990-ல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 1996-ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

செல்போன் தடை சரிதான். ஒரு பொறி போதும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெடிவிபத்தில் செத்துப்போனதை மறக்க முடியுமா? ஆனால், இந்த ஜனங்களின் முகம் பேப்பரில் வருவதே இப்படி விபத்துக்கு மறுநாள்தான். அதுவும் அடையாள அட்டை போட்டோ!

உங்கள் வீட்டுப் பரணில் ஆயுத பூஜையன்று ஆபீஸ் வாசலில் எடுத்த பழைய குரூப் போட்டோ இருக்கிறதா? தூசி தட்டுங்கள். பாட்டி இருக்கும்போதே, யார் யார், என்ன வேலை என்று கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

வேன் வந்துவிட்டது. அக்கா ஏறிவிட்டார்.