பழைய பெட்டி, பழைய பூட்டு

பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரைத் தூசி தட்டி எடுத்து, சிக்னல் எட்டாத பின்னறையில் வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கும் ஒருநாள் வரும். மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் நாம் சூட்டிய பெயர் செல்பேசித் திரையில் தோன்றுகிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை என்றுதான் தோன்றும். மின்விசிறிக்கும் கிரைண்டருக்கும் அந்த முடிவு பொருந்தும், ரௌட்டருக்குப் பொருந்தாது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பூட்டு, அது செய்யப்பட்ட ஆண்டில் உலகத்துக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ அவ்வளவுக்கே உறுதியானது. அந்தப் பூட்டுகளின் சரித்திரத்தைப் புரட்டினால் இன்னொன்றும் புலப்படுகிறது. பழைய பெட்டிகளை மக்கள் எளிதில் தூக்கி எறிய மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகவே அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 தரம் 1997-இல் வெளியானது. அதிலிருந்த காப்புமுறைக்கு டபிள்யூ.இ.பி. என்று பெயர், கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்று விரித்துப் பொருள் கொள்ளலாம். அடக்கமான இலட்சியம்தான். கம்பியில் போகும் செய்தியைக் கேட்க வேண்டுமானால் ஒருவன் வீட்டுக்குள் வரவேண்டும். காற்றில் போகும் செய்திக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பு இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். அதுகூடக் கைகூடவில்லை. முதற்காரணம் கணிதமன்று, சட்டம். வலுவான சங்கேத முறைகளை ஆயுதங்களுக்கு ஒப்பாகக் கருதி அவற்றின் ஏற்றுமதியை அமெரிக்கா கட்டுப்படுத்திவந்த காலம் அது. உலகமெங்கும் விற்கவேண்டிய பொருளுக்கு 40 பிட் சாவிதான் தாங்கும் என்றானது. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். காதுக்குப் பெரிதாக ஒலித்தாலும் கணினிக்கு அது பெரிய எண் அல்ல.

இரண்டாவது காரணம் உள்ளே இருந்தது. டபிள்யூ.இ.பி. பயன்படுத்தியது ரொனால்ட் ரிவெஸ்ட் 1987-இல் வடிவமைத்த ஆர்.சி.4 என்னும் சங்கேத முறை. வேகமானது, எளிமையானது, மலிவான சில்லிலும் ஓடக்கூடியது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஒரே சாவியை இருமுறை பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்காரர் ஒரு சாவியைத்தான் உள்ளிடுகிறார். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அதன் முன்னால் 24 பிட் எண் ஒன்றைச் சேர்த்துச் சாவியை மாற்றிக்கொண்டே போவது என்று ஏற்பாடு செய்தார்கள். 24 பிட்டில் அடங்குபவை ஏறத்தாழ 1.67 கோடி எண்களே. சுறுசுறுப்பான வலையமைப்பு ஒன்று சில மணி நேரத்திலேயே அத்தனையையும் தீர்த்துவிட்டு மறுபடி தொடங்கிவிடும். சில அட்டைகளோ, ஒவ்வொரு முறை செருகப்படும்போதும் பூஜ்ஜியத்திலிருந்தே எண்ணத் தொடங்கின. அந்த எண் மறைக்கப்படாமலே காற்றில் பயணம் செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. உற்பத்தியாளர்கள் சாவியை 104 பிட்டாக நீட்டி, 24-ஐயும் கூட்டி, 128 பிட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் ஜெஸ்ஸி வாக்கர், சாவி எத்தனை நீளமாயினும் இது ஆபத்தே என்ற பொருள்படும் தலைப்பில் தம் ஆய்வை அளித்தார். அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பின்மை பற்றி ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பைச் சற்றே திருப்பிய தலைப்பு அது. 2001 ஆகஸ்டில் ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மான்டின், ஆதி ஷமீர் மூவரும் ஆர்.சி.4 தன் சாவியைத் தயாரிக்கும் விதத்திலேயே கசிவு இருப்பதை நிறுவினர். ரிவெஸ்டும் ஷமீரும் ஆர்.எஸ்.ஏ. என்ற பெயரின் முதலெழுத்தையும் நடு எழுத்தையும் தந்த கூட்டாளிகள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கணிதத்தை ஏ.டி.&டி. ஆய்வகத்தில் ஆடம் ஸ்டபிள்ஃபீல்ட் என்ற மாணவரும் இரு ஆய்வாளர்களும் கடையில் வாங்கிய சாதாரண அட்டையைக் கொண்டே செய்துகாட்டினர். அதன்பிறகு கணிதம் தெரியாதவர்களும் பயன்படுத்தத்தக்க மென்பொருள்கள் இணையத்தில் வந்துவிட்டன. 2007-இல் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடலாம் என்று காட்டியபோது எவரும் பெரிதாக வியக்கவில்லை.

நான் சொல்லவந்த அத்தியாயம் இதற்கு இடையில் நிகழ்ந்தது. பூட்டு உடைந்துவிட்டது, புதுப் பூட்டுக்கான சங்கேதமும் கையில் இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரின் முறையை ஏ.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்க அரசு 2001-இல் தரமாக ஏற்றிருந்தது. ஆனால் அதற்குள் விற்றுப்போன எண்ணற்ற பெட்டிகளின் சில்லுகளுக்கு ஏ.இ.எஸ். தெரியாது. அவற்றின் செயலிகளோ அன்றாட வேலைக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுப் புதிது வாங்குங்கள் என்று யாரிடம் சொல்வது?

ஆகவே பழைய ஆர்.சி.4 எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றி ஒரு வேலி கட்டினார்கள். டி.கே.ஐ.பி. என்ற அந்த வேலி, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியைக் கலக்கி மாற்றியது. எண்ணையும் 48 பிட்டாக நீட்டியது. செய்தி இடையில் திருத்தப்பட்டதா என்று கண்டறிய நீல்ஸ் ஃபெர்குசன் 'மைக்கேல்' என்ற சோதனை முறையை உருவாக்கினார். அந்தப் பழைய செயலிகள் சுமக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே வலிமை கொண்ட முறை அது. பலவீனமானது என்பது உருவாக்கியவர்களுக்கே தெரியும். அதனால் ஒரு விசித்திரமான காவல் விதியையும் சேர்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு போலிப் பொட்டலங்கள் வந்தால், கடை அறுபது வினாடிகளுக்கு மூடப்படும். பூட்டு வலுவில்லை, எனவே திருடன் அடிக்கடி முயலாதபடி பார்த்துக்கொள்வோம் என்கிற தர்க்கம். 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்ற பெயரில் இது வந்தது. ஏ.இ.எஸ். அடிப்படையிலான டபிள்யூ.பி.ஏ.2 வின் தரம் 2004 ஜூனில் முடிவானது. 2006 மார்ச் முதல் சான்றிதழ் கேட்கும் புதுக் கருவிகளுக்கு அது கட்டாயமாயிற்று. இடைக்கால ஏற்பாடான டி.கே.ஐ.பி. அதற்குப் பிறகும் நெடுநாள் ரௌட்டர்களின் பட்டியலில் தங்கிவிட்டது. 2008-இல் அதிலும் முதல் விரிசலைக் கண்டார்கள்.

இதை மோசமான பொறியியல் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கையில் இருப்பதை வைத்துச் சமைத்த நேர்த்தியான வேலை. தவறு, அதை இறுதி ஏற்பாடாக எடுத்துக்கொண்ட நம்மிடம்தான்.

பூட்டை மாற்றாமல் விட்டவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம், 2005 ஜூலையில் தொடங்கிய ஊடுருவலை 2007 ஜனவரியில்தான் உலகுக்கு அறிவித்தது. பறிபோனவை 4.5 கோடிக்கும் மேற்பட்ட கடன் அட்டை, பற்று அட்டை எண்கள். அதன் கடைகளின் கம்பியில்லா வலையமைப்பு அப்போதும் டபிள்யூ.இ.பி.யையே நம்பியிருந்தது.

நம் நாட்டில் வேறுவகைப் பாடம் காத்திருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005 ஜனவரியில் வழிவிட்டபின் நகரத்து வீடுகளுக்குள் வைஃபை பரவத் தொடங்கியிருந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில நிமிடங்கள் முன்பாக ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அது புறப்பட்ட முகவரியைத் தேடிப்போன காவல்துறை நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த அடுக்ககத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய வைஃபைக்குக் காப்பு இருக்கவில்லை. யாரோ அதன் வழியே அனுப்பியிருந்தார்கள். அவர் விசாரிக்கப்பட்டார், கணினிகள் ஆய்வுக்குப் போயின. அதே ஆண்டு செப்டம்பர் 13 தில்லி குண்டுவெடிப்பின் மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, வாடிக்கையாளர்களின் வைஃபை இணைப்புகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அண்டைவீட்டார் இணையத்தைத் திருடுவார் என்பது அற்பக் கவலை. நம் வாசலில் நின்று இன்னொருவர் நம் குரலில் பேசிவிட்டுப் போகலாம் என்பதுதான் உண்மையான கவலை.

விந்தை என்னவென்றால், அதே 2008-இன் ஜனவரியில், பாதுகாப்பு நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர், தம் வீட்டு வைஃபையைத் திறந்தே வைத்திருப்பதாகவும் அதை விருந்தோம்பலாகவே கருதுவதாகவும் எழுதியிருந்தார். திண்ணை வைத்துக் கட்டிய வீடுகளின் வழிவந்த நமக்கு அந்த மனநிலை புரியாததல்ல. ஆனால் அவருக்குத் தம் கணினிகளைத் தனித்தனியே காத்துக்கொள்ளத் தெரியும். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பழைய பெட்டிக்கு மறுபிறவி தந்த கதையும் ஒன்று உண்டு. 2002 டிசம்பரில் வெளியான லிங்ஸிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரௌட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் உரிம விதிப்படி அதன் மூலநிரலைத் தரவேண்டும் என்று கேட்டார்கள். நிறுவனம் தந்தது. அந்த நிரலிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் பொது மென்பொருள் முளைத்தது. தயாரித்தவர் கைவிட்ட பெட்டிகளைப் பிறர் காப்பாற்றும் மரபு இதிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 4 எம்.பி. சேமிப்பும் 16 எம்.பி. நினைவகமும் கொண்ட அந்த மூலப் பெட்டியில் இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடாது. பெயரைத் தந்த பெட்டிக்கே இடமில்லை.

பூட்டு நல்லதாக இருந்தும் ஜன்னல் திறந்திருந்த கதைகள் பின்னர் வந்தன. கடவுச்சொல்லைத் தட்டச்சும் தொல்லையைக் குறைக்க டபிள்யூ.பி.எஸ். என்ற எட்டு இலக்க எண்முறை வந்தது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. மீதியையும் ரௌட்டர் இரு துண்டுகளாகப் பிரித்து, முதல் துண்டு சரியா தவறா என்று தனியே சொல்லிவிடும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் இதை வெளியிட்டார்: கோடி முயற்சிகள் தேவையில்லை, 11,000 போதும். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் மேத்தி வான்ஹோஃப், டபிள்யூ.பி.ஏ.2 வின் கைகுலுக்கலிலேயே ஓட்டை கண்டார். அது முதன்மையாக இணையும் கருவிகளைப் பாதித்தது. பழைய ரௌட்டரை ரிப்பீட்டராக மாற்றினால் அதுவும் அப்படி இணையும் கருவியே என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 2025 மே மாதத்தில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய ரௌட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தம் முகத்தை மறைக்கும் வழித்தடங்களாக விற்பதாக எச்சரித்தது. தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்த பெட்டிகளே அதில் எளிதாக அகப்பட்டன. சான்பாடாவில் நடந்ததற்கு ஒருவர் அக்கம்பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருந்தது. இதற்கு அதுவும் வேண்டாம்.

இத்தனையும் அறிந்தபின் பரணிலிருந்து இறங்கிய பெட்டியை என்ன செய்வது? பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை அழுத்தி அதைப் பிறந்தநாள் நிலைக்குக் கொண்டுவருவது முதல் வேலை. பழைய கடவுச்சொல்லை மறந்தேவிட வேண்டும். பத்தாண்டுகளில் அது எத்தனை விருந்தினருக்கும், எக்ஸ்சேஞ்சில் போன எத்தனை செல்பேசிகளுக்கும் தெரிந்திருக்கிறது! தயாரித்தவர் கடைசியாக ஃபர்ம்வேர் வெளியிட்ட தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் கடந்திருந்து, ஓப்பன்டபிள்யூஆர்டியும் அந்த மாடலை ஏற்கவில்லையென்றால் ஆசையை விட்டுவிடலாம். ஏற்குமானால் அதை நிறுவி, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, தொலைநிர்வாகத்தையும் டபிள்யூ.பி.எஸ்.ஸையும் அணைக்க வேண்டும். சில பழைய மாடல்களில் டபிள்யூ.பி.எஸ். பட்டியலில் அணைந்ததாகக் காட்டியும் அணையாமலே இருந்தது என்பதால் சோதித்துப் பார்ப்பது நல்லது. காப்புமுறையில் 'டபிள்யூ.பி.ஏ./டபிள்யூ.பி.ஏ.2 கலப்பு' என்ற சமரசத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏனெனில் எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பொட்டலங்கள் அப்போது டி.கே.ஐ.பி.க்கே இறங்கிவிடும். டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். மட்டும், கிடைத்தால் டபிள்யூ.பி.ஏ.3. கைகுலுக்கலைப் பதிவு செய்துகொண்டுபோய் வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகிக்கலாம் என்பதால், டபிள்யூ.பி.ஏ.2 வில் நீளமே பலம். நாலைந்து சொற்களைக் கோர்த்துவிடுங்கள். வலையமைப்பின் பெயரை மறைப்பதால் பயனில்லை. முகவரி வழங்கும் வேலையை முதன்மை ரௌட்டரிடமே விட்டுவிட்டு, இதை அதன் பின்னால் கம்பியால் இணைத்து அணுகுமுனையாக மட்டும் வையுங்கள்.

என்னிடம் இருந்தது டி.கே.ஐ.பி.யோடு நின்றுபோன பெட்டி. அதன் வானொலியை அணைத்து, ஆண்டெனாக்களைக் கழற்றிவிட்டேன். மேசைக்கடியில் நான்கு துளைகளுள்ள சுவிட்ச்சாக, கம்பிகளுக்கு நடுவே இப்போது அது வேலை செய்கிறது.